ஆயுத பூஜைக்கு நான் அணைத்த பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் என் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். ஞாபகமும் முன்போல இல்லை. எது காலையில் நடந்தது, எது மத்தியானம் நடந்தது என்று குழம்புகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் யாரிடமும் சொல்ல முடியாமல் போனதால்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மதுரையில் மாட்டுத்தாவணிக்கு பஸ் ஸ்டாண்டு மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். திருநகரில் ஒரு வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் நடந்தது. எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். கூட்டுவது, துடைப்பது, பிளாஸ்க்கில் டீ வாங்கி வருவது, கிளாஸ் கழுவுவது எல்லாம் என் வேலை. காலையில் திறப்பதும் நான்தான், அதனால் சாவி ஒன்று என்னிடம் இருக்கும். விளாச்சேரியிலிருந்து நடந்தே போய் வருவேன். ஆபீஸ் நடத்திய சார் சௌராஷ்டிரா குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார்.

அந்த எட்டுப் பேரில் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா அம்மா பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வந்தவள் அவள் ஒருத்திதான். மத்தியானம் பின்பக்க அறையில் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். நான் பேசாவிட்டாலும் அவள் பேசிக்கொண்டிருப்பாள். இந்தப் பெட்டி விஷயமெல்லாம் எனக்கு அப்படித் தெரிந்ததுதான்.

ஒரு புரோகிராமைக் கட்டி முடிக்க, வேறு யார் யாரோ முன்பே எழுதி வைத்த சாமான்கள் நிறைய வேண்டுமாம். கட்டும்போது கம்ப்யூட்டர் முதலில் தன்னிடமே அந்தச் சாமான் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வெளியே கேட்காது. இருப்பது பழசா, யாராவது கை வைத்துத் திருத்தியதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஒவ்வொருவர் மிஷினிலும் ஒவ்வொரு மாதிரி சாமான் சேர்ந்துவிட்டது. இங்கே நன்றாக ஓடியது, வாங்கியவர்கள் ஊருக்குப் போனதும் கட்டவே வரவில்லை. சிங்கப்பூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பியது அப்படித்தான் திரும்பி வந்தது. அன்றைக்கு ஆபீஸில் பெரிய சத்தம்.

"என் மிஷின்ல ஓடுதேம்மா!" என்று அங்கே மூத்தவர் ஒருவர் கத்தினார்.

"அப்ப உங்க மிஷினையே தூக்கி அனுப்பிருவோமாண்ணே? உங்களையும் சேத்துப் பார்சல் கட்டிரலாம், பொட்டலத்துல ஓட்டை போட்டு" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டு, "சரி, நீயே ஒரு வழி சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்ன வழிதான் அந்தப் பெட்டி. பொதுவாக ஒரு பெட்டி. எல்லாச் சாமானும் அதில்தான் இருக்க வேண்டும். யார் எங்கேயிருந்து கட்டினாலும், தன் கையில் இருப்பதைப் போடாமல், தூரத்தில் இருக்கும் அந்தப் பெட்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. "பக்கத்துல இருக்குற சாமானை விட்டுட்டுத் தூரத்துல கேக்கணுமா? நெட்டு நின்னா நம்மளும் நிக்கணுமா?" என்றார். அவள் விடவில்லை. சார் கடைசியில் வாங்கிவிட்டார். ரெப்போ என்பார்கள், சர்வர் என்பார்கள். எனக்குப் பெட்டி. ஜன்னலோர மூலையில் கறுப்பாக உட்கார்ந்து எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். "அதை மட்டும் தொடாதீங்கக்கா" என்று சார் என்னிடம் சொல்லியிருந்தார். அவள் ஒரு நோட்டுப் போட்டு, எந்தச் சாமானைப் பெட்டியில் வைத்தாள் என்று ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து வைத்தாள். அந்த நோட்டை நான் மேஜை துடைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பிறகு சிங்கப்பூர்க்காரர்கள், ஆளை அனுப்புங்கள், எங்கள் கண் முன்னால் கட்டிக் காட்டுங்கள் என்றார்கள். சார் அவளை அனுப்பினார். அவள் திருச்சியில் விமானம் ஏறிய இரண்டாம் நாள் எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை. பண்டிகை மறுநாள்தான், அன்றைக்கு லீவு என்பதால் முதல் நாள் சாயங்காலமே பூஜையை வைத்துக்கொண்டோம்.

காலையிலிருந்து எனக்கு வேலை. ஒட்டடை அடித்து, மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குழைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து மேலே குங்குமமும் இட்டேன். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், ஸ்டேப்ளர், என் விளக்குமாறு, டீ பிளாஸ்க், ஒன்றும் விடவில்லை. பெட்டிக்கு எங்கே வைப்பது என்று பார்த்தேன். முன்பக்கம் தட்டையாக, நடுவில் வட்டமாக ஒரு பட்டன். பொட்டு வைக்கவே செய்தது போல இருந்தது. அதன் மேலேயே தாராளமாக வைத்தேன்.

சாரின் அம்மா வந்திருந்தார்கள். நல்ல ஆசாரம். சூடம் காட்டி முடிந்ததும் சாரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள், அவர் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏம்மா, எல்லாத்தையும் அணைச்சிட்டியா? நாளைக்கு ஒண்ணும் ஓடக் கூடாது. சரஸ்வதி முன்னாடி வச்சாச்சுன்னா, விஜயதசமி அன்னைக்குத்தான் தொடணும்."

"அணைச்சிட்டேம்மா."

"பெறகு அந்த மூலையில என்ன இரையுது?"

நான் படியைப் பார்த்தேன். சார் பேசிக்கொண்டிருந்தார். காத்து நின்றேன். ஒரு போன் முடிந்து இன்னொரு போன் வந்தது. மற்றவர்கள் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "சார், அந்தப் பெட்டியுமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மூன்று வார்த்தை எனக்கு வரவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தேன். பெட்டிக்குக் கீழே இருந்த யு.பி.எஸ். வீல் வீல் என்று கத்தியது. பயந்துபோய் அதன் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அது அடங்காததால் பெட்டியின் வயரையும் பிடுங்கிவிட்டேன். சத்தம் நின்றது. "ம், இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார்கள் அம்மா.

மறுநாள் ஆயுத பூஜை. காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் வாசலில் நின்று கத்தினார்.

"யக்கோவ்! ஓடியாங்க, சிங்கப்பூர் போனு!"

என்னிடம் போன் கிடையாது, கடை நம்பரைத்தான் ஆபீஸில் கொடுத்திருந்தேன். கடையில் பொரி வாங்க வந்த கூட்டம். "சொல்லவே இல்லையேக்கா, சிங்கப்பூர்ல யாரு? தங்கம் கிங்கம் வருதா?" என்றார் அவர், ரிசீவரைக் கொடுத்துக்கொண்டே.

"அக்கா, நான்தான்" என்றது அந்தப் பெண்ணின் குரல். "சார் குடும்பத்தோட கோயிலுக்குப் போயிட்டாரு போல, போனு சுவிட்ச் ஆஃப்னே வருது. மத்தவங்க ஒருத்தரும் மதுரையில இல்ல. நம்ம பெட்டி பதிலே சொல்ல மாட்டேங்குதுக்கா. ஆபீஸ்ல கரண்டு இல்லையா?"

நான்தான் அணைத்தேன் என்று வாய்வரை வந்தது. பொரி வாங்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"தெரியலையே தாயி" என்றேன்.

"போய்ப் பாக்குறீங்களாக்கா? இங்க ரெண்டு மணிக்கு உக்காருறாங்க, நமக்குப் பதினொன்றரை. ஒண்ணுமே இல்லாத புது மிஷின் ஒண்ணு வச்சிருக்காங்க. அம்புட்டுச் சாமானும் நம்ம பெட்டியிலருந்து வந்து அதுல கட்டியாகணும். என் லேப்டாப்புல எல்லாமே இருக்கு, ஆனா அதைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. போன தடவ ஏமாந்தாங்கள்ல."

"வரலைன்னா?"

"வரலைன்னா இந்த வேலை நம்ம ஆபீஸுக்கு இல்லக்கா. பெட்டி பெட்டின்னு ஒத்தக்கால்ல நின்னது நான். சார் என்னைய எப்படி பெர்மனென்ட் பண்ணுவாரு? ஊரைப் பாக்க வந்துர வேண்டியதுதான்."

"இந்தா போறேன் தாயி. போயிட்டேன்னு வச்சுக்க."

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு வண்டி, நாலும் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நின்றன. திருநகர் போகணும், அவசரம் என்றேன்.

"யக்கா, பூஜை போடாம வண்டிய நகட்ட முடியாதுக்கா. பூசாரி வந்துக்கிட்டே இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அவரும் ஆட்டோவுலதான வரணும்" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இவர்கள் பூஜைக்காக வண்டியைத் தொடாமல் நிற்கிறார்கள், பூஜையில் வைத்ததைத் தொடத்தானே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நடந்தேன். நடந்தேன் என்று எழுதினாலும் பாதி ஓட்டம்தான். செருப்பின் வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸைத் திறந்ததும் வாடின பூவும் வாழைப்பழமும் கலந்த வாடை. பொரித் தட்டில் எறும்பு. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கைகூப்பி, "தாயே, அந்தப் பிள்ளைக்காகத்தான். கோவிச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு வயரைச் சொருகி, சுவர் சுவிட்சைப் போட்டு, யு.பி.எஸ். பட்டனை அழுத்தினேன். அது ஒரு சத்தம் கொடுத்தது. பெட்டி அசையவில்லை.

பட்டனை அழுத்தினேன். உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை. சந்தனம் இறுகிக் காய்ந்து சுற்று இடுக்கெல்லாம் அடைத்திருந்தது. குழைக்கும்போது கெட்டியாக இருக்கட்டும் என்று நான்தான் தண்ணீரைக் குறைத்தேன். முந்தானையை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் கரைந்து பெட்டி முகமெல்லாம் சிவப்பாக வழிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, வட்டத்தைச் சுற்றிச் சுரண்டினேன். ஊக்கு வழுக்கி விரலில் ஏறிவிட்டது. டக்கென்று பட்டன் வெளியே வந்தது. மறுபடி அழுத்தினேன். பெட்டி இரைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேவிட்டேன்.

அதே நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. அந்தப் போனைத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் எடுத்துப் பேசியதில்லை. எடுத்தேன்.

"அக்கா, வந்துட்டீங்களா! பெட்டியில லைட் எரியுதா?"

"எரியுது தாயி, பச்சை."

"பக்கத்துல மோடம், சின்ன வெள்ளை டப்பா?"

அதையும் நான் அணைத்திருந்தேன். போட்டேன். மானிட்டரையும் போடச் சொன்னாள். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்றேன்.

"தெரிஞ்ச எழுத்து ஏதாச்சும் இருக்காக்கா?"

"கடைசி வரியில எஃப்பு. பக்கத்துல ஒண்ணு."

"சூப்பர்க்கா. கீபோர்டுல மேல் வரிசை, இடது கையோரத்துலருந்து ரெண்டாவது சாவி. அமுக்குங்க."

அமுக்கினேன். எழுத்துகள் மடமடவென்று ஓடின. பிறகு ஒரு கோடும் ஒரு நம்பரும் வந்து நின்றன. நம்பர் எனக்குத் தெரியும். மூன்று, நான்கு, ஐந்து என்று அது ஏறியது.

"ஐயோ, டிஸ்க்கை செக் பண்ணுது. நூறு வரணும்க்கா. வாசிச்சுக்கிட்டே இருங்க."

வாசித்தேன். பன்னிரண்டு. பதிமூன்று. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று தாண்டியிருந்தது. முப்பத்தொன்று. நாற்பத்தேழில் வந்து நின்றுவிட்டது. நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"சும்மா அணைச்சா இப்படி எண்ணாதே" என்றாள் அவள் தனக்குத் தானே சொல்வது போல. "கரண்டு போனாலும் யு.பி.எஸ். இருக்கு. யாராச்சும் வயரைப் புடுங்கினாங்களாக்கா?"

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"நான்தான் தாயி."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பூஜைக்காகவா?"

"ஆமா தாயி. சாரோட அம்மா அணைக்கச் சொன்னாக. எனக்கு சார்ட்டக் கேக்க வாய் வரல."

"சந்தனம் வச்சீங்களா?"

"வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"பட்டன்லேயே வச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "சரி, இப்ப எம்புட்டு?" என்றாள்.

"அம்பத்திரெண்டு! ஏறுது தாயி, ஏறுது!"

நூறு வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. ஏதோ ஒரு வரி வந்து நின்றது, பெட்டி அமைதியாக இரைந்தது. "பதில் சொல்லுதுக்கா! நான் உள்ள போறேன். நீங்க அங்கேயே இருங்க, எதையும் தொடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன். மோடத்தில் ஒரு லைட் பதினொன்றரைக்கு மினுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மினுக்குக்கும் ஒரு சாமான் கடல் தாண்டிப் போகிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நின்றுவிடுமோ என்று எழவில்லை. கடைசியில் அது ஒரேயடியாக நின்றது. முடிந்துவிட்டதா, அறுந்துவிட்டதா? ஒரு மணி வரை போன் வரவில்லை.

வந்தபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாம் வந்துருச்சுக்கா. ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல. பெட்டியில இல்லைன்னு சொல்லுது."

"உன் லேப்டாப்புல?"

"இருக்கு. பக்கத்துலதான் இருக்கு."

"அதை எடுத்து வச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது தாயி?" என்றேன். நானா அப்படிக் கேட்டேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

"தெரியாதுதான்க்கா. ஒரு நிமிசம் கைய வச்சிட்டேன். பெறகு எடுத்துட்டேன். ஒண்ணு வரலைன்னு அவுங்ககிட்டயே சொல்லிட்டேன். இன்னைக்கு ஃபெயில்னு எழுதிக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில இன்னொரு தடவ பாக்கலாம்னாங்க."

அன்றைக்கே அந்த ஒரு சாமானை அங்கிருந்தே பெட்டிக்கு அனுப்பி வைத்தாள். விஜயதசமி காலையில் மறுபடி ஒன்றுமில்லாத மிஷினில் கட்டினார்கள். எல்லாம் வந்து சேர்ந்தது, கட்டி முடித்தாள். வேலை எங்கள் ஆபீஸுக்கே கிடைத்தது. ஆனால் முதல் நாள் ஃபெயில் என்று எழுதியது சாருக்கு மெயிலில் வந்துவிட்டது. அவள் ஊர் திரும்பிய அன்று எல்லாரையும் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டார். நான் டீத் தட்டோடு நின்றேன்.

"ஒரு சாமானைப் பெட்டியில வைக்க மறந்துட்டேன் சார். என் லேப்டாப்புல இருந்ததால எனக்கு இங்க ஒழுங்கா ஓடிருச்சு, தெரியாமப் போச்சு" என்றாள் அவள்.

"அடுத்தவன் மிஷினையெல்லாம் குறை சொன்னியேம்மா!" என்றார் மூத்தவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன, அவ்வளவுதான். பெர்மனென்ட் பண்ணுவதை சார் ஆறு மாதம் தள்ளிவைத்தார். அந்த ஆறு மாதமும் அவள் வீட்டில் அதற்காக என்னென்ன பேச்சுக் கேட்டாளோ.

மத்தியானம் பின்பக்க அறையில் கேட்டேன். "நெசமாவே மறந்துட்டியா தாயி?"

"நெசமாத்தான்க்கா" என்றாள், டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே.

ஆறு மாதம் கழித்து அவளுக்கு வேலை நிரந்தரமானது. இரண்டு வருஷத்தில் சென்னைக்குப் போய்விட்டாள். சார் ஆபீஸை மூடிவிட்டார். அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அவள் சிங்கப்பூரில் இருந்தபோது மேஜை துடைக்கையில் அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கம் வரை எல்லா வரியிலும் டிக் இருந்தது. இங்கிலீஷ் என்பதால் எது எந்தச் சாமான் என்று எனக்குத் தெரியவில்லை. டிக் இல்லாத வரி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான் எழுதியதில் லைட்டின் நிறம், நம்பர், எந்தச் சாவி என்பதெல்லாம் மாறியிருக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அதோடு இதையும் பார்த்துச் சொல்ல வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் வயரைப் பிடுங்கினால், மற்றதெல்லாம் பத்திரமாக இருந்து, ஒரே ஒரு சாமான் மட்டும் அழிந்துபோகுமா? போகும் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள்.